கடைசியாகக் கண்டது எப்போது? பேராதனையிலிருந்து பூமியின் பேரழிவுகளைப் பார்த்தல்

பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் போகிறவர்கள் ஓர்க்கிட் வீட்டையும், வௌவால்கள் தொங்கும் மரங்களையும், புற்தரையில் படர்ந்து நிற்கும் யாவா அத்தி மரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். சைக்கஸ் மரங்களுக்கு முன்னால் நின்று படம் எடுப்பவர்கள் குறைவு. தூரத்திலிருந்து பார்த்தால் அவை வளர்ச்சி குன்றிய பனைகள்போல இருக்கும். ஆனால் பனைக்கும் அவற்றுக்கும் உறவில்லை. சைக்கஸ்களின் வம்சம் பூக்கும் தாவரங்கள் தோன்றுவதற்கு முன்பே பூமியில் இருந்தது. 252 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கடல்வாழ் இனங்களில் பத்தில் ஒன்பது மறைந்தபோதும், 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் மறைந்தபோதும் அந்த வம்சம் பிழைத்துக்கொண்டது.

அதே பூங்காவிலிருந்து கண்டி வீதியில் சிறிது தூரம் போனால் பேராதனைப் பல்கலைக்கழகம். இந்த மலைகளில் ஒருகாலம் வாழ்ந்து, இன்று இல்லாமல்போன தவளைகளைப் பற்றிய முக்கியமான ஆய்வுகள் அங்கே நடந்தன. அழிந்ததாக உலக அளவில் பதிவாகியிருக்கும் ஈரூடகவாழி இனங்களில் (தவளை, தேரை போன்றவை) ஏறத்தாழ பாதி இலங்கைக்குரியவை. இவ்வளவு சிறிய தீவுக்கு இது மிகப் பெரிய கணக்கு.

பூமியின் வரலாற்றில் நடந்த ஐந்து பேரழிவுகள் எவை, அவை எப்படி நடந்தன, எமது தீவின் மண்ணில் அவற்றின் தடயம் உண்டா, இன்று நடப்பது ஆறாவதா என்பவற்றை ஒரே இடத்தில் தொகுத்துத் தருவது இக்கட்டுரையின் நோக்கம். நான் உயிரியல் படித்தவரல்ல. எனவே ஒவ்வொரு இடத்திலும் "இது எப்படித் தெரியும்?" என்ற கேள்வியோடுதான் வாசித்தேன். அந்தக் கேள்விதான் கட்டுரையை நடத்திச் செல்கிறது.

ஒரு சொல் பற்றி

தமிழில் 'இனம்' என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. மனிதக் கூட்டத்தையும் குறிக்கும். ஒரே வகை உயிரினத்தையும் குறிக்கும். 'இன அழிப்பு' என்ற சொல் எம்மிடையே எதைக் குறிக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இங்கே 'உயிரினப் பேரழிவு' அல்லது சுருக்கமாகப் 'பேரழிவு' என்று எழுதுகிறேன். அழிவு வேறு, அழிப்பு வேறு. அழிப்பதற்கு ஒருவர் வேண்டும். கீழே வரும் ஐந்துக்கும் அப்படி ஒருவரும் இல்லை.

உயிரினங்கள் அழிவது வழமையானது. பூமியில் இதுவரை வாழ்ந்த இனங்களில் 99 வீதத்துக்கும் மேற்பட்டவை இன்று இல்லை. ஒன்று போக இன்னொன்று தோன்றும். புவியியல் கணக்கில் குறுகிய காலத்துக்குள், உலகம் முழுவதும், இனங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு அல்லது அதற்கும் மேல் மறைந்தால் அதைப் பேரழிவு என்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்களான டேவிட் ரவுப், ஜக் செப்கோஸ்கி இருவரும் 1982 இல் கடல்வாழ் உயிர்ச்சுவடுகளின் பதிவுகளை எண்ணிப் பார்த்து, வழமையான அழிவிலிருந்து ஐந்து காலங்கள் தனித்துத் தெரிவதைக் காட்டினார்கள். 'ஐந்து பேரழிவுகள்' என்ற பேச்சு அங்கிருந்துதான் நிலைபெற்றது.

ஐந்து பேரழிவுகள்

முதலாவது, ஓர்டோவிசியன் காலத்தின் முடிவு. ஏறத்தாழ 445 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். அப்போது உயிர்கள் பெரும்பாலும் கடலில்தான் இருந்தன. இலங்கையும் இந்தியாவும் ஆபிரிக்காவும் ஒட்டியிருந்த கொண்டுவானா என்ற பெருநிலத்தின் தென்முனைப் பகுதியைப் பனி மூடியது. கடல்நீர் பனியாக உறைந்ததால் கடல்மட்டம் இறங்கி, ஆழம் குறைந்த கடல்கள் வற்றின. பின்னர் பனி உருகியபோது கடலில் ஒட்சிசன் குறைந்தது. இரண்டு அடிகளில் ஏறத்தாழ 85 வீதமான இனங்கள் மறைந்தன.

இரண்டாவது, டெவோனியன் காலத்தின் பிற்பகுதி. 372 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, பல மில்லியன் ஆண்டுகளில் பல கட்டங்களாக நடந்தது. ஒட்சிசன் குறைந்த கடல்நீர் பரவியதே உடனடிக் காரணம். தரையில் புதிதாகப் பரவிய மரங்களின் வேர்கள் பாறையை உடைத்து, சத்துகள் ஆறுகளின் வழியே கடலுக்குப் போய், பாசி பெருகி ஒட்சிசனைத் தின்றது என்பது ஒரு விளக்கம். அன்றைய பவளப் பாறைத் தொகுதிகள் குலைந்தன. முக்கால் பங்கு இனங்கள் போயின.

மூன்றாவது, பேர்மியன் காலத்தின் முடிவு. 252 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் நடந்தது. இதுவே எல்லாவற்றிலும் பெரியது. இன்றைய சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பல இலட்சம் ஆண்டுகளாக வெளியே கொட்டியது. அந்தக் குழம்பு நிலக்கரிப் படுகைகளையும் துளைத்துக்கொண்டு வந்ததால் அவையும் எரிந்து, காபனீரொட்சைட்டு வளிமண்டலத்தில் குவிந்தது. கடல் சூடாகி, அமிலத்தன்மை ஏறி, ஒட்சிசனை இழந்தது. கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ 90 வீதம் மறைந்தன. சீனாவின் மெய்ஷான் என்னும் இடத்துப் பாறைகளை அளந்தவர்கள், அழிவின் முக்கிய கட்டம் ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்டதாகக் கணித்திருக்கிறார்கள். இந்தியாவின் ராணிகஞ்ச், ஜாரியா சுரங்கங்களின் நிலக்கரி, அந்தக் காலத்துக் குளொசொப்டெரிஸ் மரக்காடுகள் மண்ணில் புதைந்து உண்டானது. பேர்மியன் முடிவோடு அந்தக் காடுகள் போயின. அதன் பிறகு ஏறத்தாழ 10 மில்லியன் ஆண்டுகளுக்கு உலகில் எங்குமே நிலக்கரி உருவாகவில்லை. நிலக்கரி உண்டாகும் அளவுக்குக் காடு திரும்ப அவ்வளவு காலம் சென்றது.

நான்காவது, திரியாசிக் காலத்தின் முடிவு. 201 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். ஒன்றாயிருந்த கண்டங்கள் பிளந்து அட்லாண்டிக் சமுத்திரம் திறக்கத் தொடங்கியபோது, அந்தப் பிளவின் வழியே எரிமலைக் குழம்பு பெருகியது. மூன்றாவதில் நடந்ததுபோலவே காபனீரொட்சைட்டும் வெப்பமும் ஏறின. வெற்றிடங்களை நிரப்பியவை டைனோசர்கள்.

ஐந்தாவது எல்லோரும் அறிந்தது. 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ 10 கிலோமீற்றர் அகலமான விண்கல் ஒன்று இன்றைய மெக்சிகோவின் யுகட்டான் குடாநாட்டில் விழுந்தது. சிக்சுலுப் என்று அழைக்கப்படும் அந்தப் பள்ளம் ஏறத்தாழ 180 கிலோமீற்றர் அகலமுடையது. எழுந்த தூசும் புகையும் சூரிய ஒளியை மறைத்தன. அதே காலப்பகுதியில் இந்தியாவின் தக்காணத்திலும் எரிமலைக் குழம்பு கொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரா, அஜந்தா குகைகள் குடையப்பட்டது அந்தக் குழம்பு இறுகிய பாறையில்தான். முக்கால் பங்கு இனங்கள் மறைந்தன. டைனோசர்களில் பறவைகளின் கிளை மட்டும் எஞ்சியது.

இங்கே தவளைகளைப் பற்றி ஒன்றைக் குறித்துவைக்க வேண்டும். தவளை வம்சத்தின் மிகப் பழைய உறவொன்றின் உயிர்ச்சுவடு மடகஸ்காரில் கிடைத்தது. அது பேர்மியன் பேரழிவுக்குச் சற்றுப் பிந்தியது. அதற்குப் பின் வந்த இரண்டு பேரழிவுகளையும் இந்த வம்சம் கடந்தது. இன்றைய தவளை இனங்களில் 88 வீதமானவை, விண்கல் விழுந்த காலத்தை ஒட்டிப் பெருகத் தொடங்கிய மூன்று கிளைகளிலிருந்து வந்தவை என்று 2017 இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. தவளைகளை எளிதில் அழிபவை என்று சொல்வது பிழை. மிகக் கடினமான காலங்களைத் தாண்டிய கூட்டம் அது.

எமது தீவின் பாறைகள் சொல்வதும் சொல்லாததும்

இந்த ஐந்துக்கும் இலங்கையில் தடயம் உண்டா? ஏறத்தாழ இல்லை என்பதே பதில். அதற்குக் காரணம் உண்டு.

பேராதனை, கண்டி, நக்கிள்ஸ் மலைத்தொடர் எல்லாம் நிற்கும் பாறை மிகப் பழையது. பூமியின் ஆழத்தில் வெந்து, அழுந்தி, உருமாறி, ஏறத்தாழ 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே இன்றைய வடிவத்தை அடைந்தது. அது முதலாவது பேரழிவுக்கும் முந்தியது. அந்தச் சூட்டில் எந்த உயிர்ச்சுவடும் நிலைத்திருக்காது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லோ மிகப் புதியது. கிணறு வெட்டும்போது வெளிவரும் அந்தக் கல், 23 முதல் 5 மில்லியன் ஆண்டுகளுக்கு இடைப்பட்ட மயோசீன் காலத்தில், ஆழமற்ற கடலில் வாழ்ந்தவற்றின் ஓடுகளும் படிவுகளும் இறுகி உண்டானது. ஐந்து பேரழிவுகளும் முடிந்த பிறகு வந்த கல் அது. இடையே புத்தளம் மாவட்டத்தில் தப்போவ, ஆண்டிகம ஆகிய இடங்களில் ஜுராசிக் காலத் தாவரச் சுவடுகள் கொண்ட சிறு படிவுகள் உண்டு. அவையும் நான்காவதுக்குப் பின்னும் ஐந்தாவதுக்கு முன்னுமானவை. முதல் பக்கங்களும் கடைசிப் பக்கங்களும் இருக்க, நடுப்பகுதி கிழிந்துபோன புத்தகம் போன்றது எமது தீவு.

ஐந்தாவது பேரழிவின் காலத்துப் பாறையைக் காண, நாம் பாக்கு நீரிணையைக் கடந்து தமிழ்நாட்டின் அரியலூருக்குப் போகவேண்டும். இன்று சீமெந்துத் தொழிற்சாலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டும் அந்த மாவட்டம் ஒருகாலம் கடலாக இருந்தது. சுருண்ட ஓடுகளைக் கொண்ட அம்மோனைட்டுகள் அங்கே ஏராளமாகக் கிடைக்கின்றன. டைனோசர்களோடு உலகம் முழுவதும் மறைந்த கடலுயிர் அது. டைனோசர் எலும்புகள் கிடைத்த கல்லமேட்டுப் படிவுக்கு மேலே நின்னியூர்ப் படிவு இருக்கிறது. கீழே இருப்பது பேரழிவுக்கு முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய அந்த எல்லை இவை இரண்டுக்கும் இடையில் வருகிறது.

கல்லமேட்டில் நடந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். 1980களில் அங்கே மிகப் பெரிய விலங்கொன்றின் எலும்புகள் கிடைத்தன. கால் எலும்பு ஒன்று மாத்திரம் ஏறத்தாழ 2 மீற்றர் நீளம். யாதகிரி, அய்யாசாமி என்ற இரு இந்தியப் புவியியலாளர்கள் அதற்குப் புருகத்காயோசோரஸ் என்று பெயரிட்டு எழுதினார்கள். பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஆனால் ஈரம் ஊறிய அந்த எலும்புகள் உதிர்ந்து, பாதுகாக்க முடியாமல் அழிந்துபோயின. இன்று எஞ்சியிருப்பவை சில வரைபடங்களும் புகைப்படங்களும் மட்டும். அதனால் அந்த விலங்கைப் பற்றிய வாதம் இன்னும் முடியவில்லை. உயிர் அழிந்தது ஒருமுறை, அதன் சாட்சி அழிந்தது இன்னொருமுறை.

கடைசியாகக் கண்டது, கடைசியாக வாழ்ந்தது அல்ல

பாறையில் ஒரு உயிரினத்தின் கடைசிச் சுவடு இருக்கும் இடம், அந்த உயிரினம் அழிந்த நாள் என்று நாம் நினைப்போம். அது பிழை. எல்லா உடல்களும் சுவடாவதில்லை. எண்ணிக்கை குறையக் குறைய, சுவடாகும் வாய்ப்பும் எம் கண்ணில் படும் வாய்ப்பும் குறையும். எனவே கடைசிச் சுவட்டுக்குப் பிறகும் அந்த இனம் நெடுங்காலம் வாழ்ந்திருக்கலாம். இதை 1982 இல் பிலிப் சிக்னோர், ஜேரி லிப்ஸ் என்ற இருவர் விளக்கினார்கள். திடீரென நடந்த அழிவுகூட, பாறையில் பார்க்கும்போது மெதுவாக நடந்ததுபோலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

இதன் மறுபக்கமும் உண்டு. பேரழிவோடு காணாமல்போன சில இனங்கள், பல மில்லியன் ஆண்டுகளுக்குப் பிந்திய பாறையில் மீண்டும் தோன்றும். எங்கோ ஒரு மூலையில் சிறு தொகையாக அவை இருந்திருக்கின்றன. பைபிளில் கல்லறையிலிருந்து எழுந்து வந்த லாசருவின் பெயரால் இவற்றை லாசரு இனங்கள் என்கிறார்கள்.

இந்த அனுபவங்களால் அறிவியலில் ஒரு கடுமையான விதி உருவாகியிருக்கிறது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் வெளியிடும் சிவப்புப் பட்டியலில் ஓர் இனத்தை 'அழிந்தது' என்று எழுத, அதன் கடைசி உயிரும் இறந்துவிட்டது என்பதில் நியாயமான சந்தேகம் எதுவும் இருக்கக்கூடாது. அது வாழ்ந்த, வாழக்கூடிய இடங்கள் எல்லாவற்றிலும், பொருத்தமான பருவங்களில், பொருத்தமான நேரங்களில், போதிய காலம் தேடியிருக்கவேண்டும். தேடாமல் மூடிய கோப்பு செல்லாது.

இதை வாசித்தபோது என் நினைவு எங்கே போனது என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆளையும் தவளையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் ஒரு தேரைக்கு உலகம் எழுதிவைத்திருக்கும் விதியின் அளவாவது மனிதருக்குக் கிடைக்கவேண்டும் என்று நினைப்பதில் பிழையில்லை.

கோப்பிக் காலத்துத் தவளைகள்

இனி மலைநாட்டுக்கு வருவோம். 1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் வீழ்ந்தது. 1821 இல் அலெக்ஸாண்டர் மூன் பேராதனையில் தாவரவியல் பூங்காவைத் தொடங்கினார். 1830களிலிருந்து கண்டியைச் சூழ்ந்த காடுகள் கோப்பிக்காக வெட்டி எரிக்கப்பட்டன. 1870களின் இறுதியில் கோப்பி ஏறத்தாழ 275,000 ஏக்கரில் பரவியிருந்தது. 1869 இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை முடித்துவைத்தது. அந்த நிலங்களில் தேயிலை ஏறியது. இன்னும் உயரமான காடுகளும் விழுந்தன.

வெட்டியவர்கள் யார், இலாபம் யாருக்குப் போனது என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த தொழிலாளர்களில் ஆயிரக்கணக்கானோர் பாதையிலேயே நோயாலும் பசியாலும் இறந்தனர். அவர்களில் பெரும்பாலானோரின் பெயர்கூட எந்தப் பதிவிலும் இல்லை. அதே ஆண்டுகளில் அதே காடுகளிலிருந்து பிடிக்கப்பட்ட தவளைகள் போத்தலில் இடப்பட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டு, லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின. அவை இன்றும் அங்கே இருக்கின்றன.

அந்தப் போத்தல்கள் இல்லையென்றால் எமக்கு எதுவும் தெரிந்திராது. 1990களில் ரொஹான் பெத்தியாகொட, கெலும் மனமேந்திர ஆராச்சி ஆகியோர் தீவின் மழைக்காடுகளில் தவளைகளைத் தேடினார்கள். இரண்டு விடயங்கள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்று, எவரும் எதிர்பார்க்காத அளவுக்குப் புதிய இனங்கள். 2002 இல் மாதவ மீகஸ்கும்புரவும் மற்றவர்களும் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதியபோது, எஞ்சியிருந்த ஏறத்தாழ 750 சதுர கிலோமீற்றர் மழைக்காட்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மரத்தவளை இனங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். தீவின் மழைக்காட்டில் 95 வீதம் அதற்குள் போயிருந்தது. மற்றது, பழைய போத்தல்களில் இருந்த பல இனங்களைத் தேடியும் காணவில்லை. 1876 க்கு முன் பிடிக்கப்பட்டு லண்டனில் இருந்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, எவரும் பெயரிடாத இரண்டு இனங்கள் வெளிப்பட்டன. 2007 இல் அவற்றுக்குப் பெயர் வைக்கப்பட்டபோதே அவை அழிந்தவற்றின் பட்டியலில்தான் சேர்ந்தன.

ஏன் இந்தத் தவளைகள் இவ்வளவு விரைவாகப் போயின? இங்குள்ள புதர்த்தவளைகளுக்கு வால்பேத்தைப் பருவம் வெளியில் இல்லை. குளத்தில் முட்டையிட்டு, வால்பேத்தை நீந்தித் திரிந்து, பிறகு தவளையாவது அல்ல அவற்றின் வழி. ஈரமான மண்ணிலோ இலையிலோ முட்டையிடும். முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளியே வரும். குளம் வேண்டியதில்லை என்பது காட்டுக்குள் பெரிய வசதி. ஆனால் மரம் விழுந்து வெயில் தரையில் பட்டால் முட்டை காய்ந்துபோகும். பல இனங்கள் ஒரேயொரு மலைச்சரிவில் மட்டும் வாழ்ந்தவை. அந்தச் சரிவு தோட்டமானால் அந்த இனமும் முடிந்தது.

எண்ணிக்கையைக் கொஞ்சம் பார்ப்போம். மனிதத் தலையீடு இல்லாத காலத்தில், ஒரு மில்லியன் இனங்கள் இருந்தால் ஆண்டுக்கு ஒன்று அழியும் என்பது பொதுவாகப் பயன்படுத்தப்படும் ஒரு அளவு. சில ஆய்வாளர்கள் இதைவிடக் குறைவாகவும் சொல்கிறார்கள். இலங்கையில் ஏறத்தாழ 120 ஈரூடகவாழி இனங்கள் உள்ளன. அந்தக் கணக்குப்படி இங்கே ஓர் இனம் அழிய ஏறத்தாழ 8,300 ஆண்டுகள் ஆகவேண்டும். அழிந்தவை 17 என்று குறைவாகவே எடுத்துக்கொண்டாலும், அவை ஏறத்தாழ 150 ஆண்டுகளில் போயிருக்கின்றன. அதாவது ஒன்பது ஆண்டுகளுக்கு ஒன்று. வழமையைவிட ஏறத்தாழ 900 மடங்கு வேகம். இது பருமட்டான கணக்குத்தான். அளவுகளைக் கொஞ்சம் மாற்றினாலும் பதில் நூற்றுக்கணக்கான மடங்குக்குக் கீழே இறங்காது.

திரும்பி வந்தவை

கண்டியின் பெயரைத் தாங்கிய தேரை ஒன்று உண்டு: அடெனோமஸ் கண்டியானஸ். லண்டனில் இருந்த அல்பேட் குந்தர் 1872 இல் பெயரிட்டார். அதற்குப் பிறகு எவரும் கண்டதாகப் பதிவில்லை. 2004 இல் அழிந்ததாகப் பட்டியலிடப்பட்டது. 2009 இல் மெண்டிஸ் விக்கிரமசிங்கவின் குழு சிவனொளிபாதமலைக் காட்டில் அதைக் கண்டது. 2012 இல் ஆய்வு வெளியானபோது 'உலகின் மிக அரிய தேரை' என்று செய்திகள் வந்தன.

கதை அத்தோடு முடியவில்லை. மீகஸ்கும்புரவும் பேராதனை ஆய்வாளர்களும் லண்டனிலிருந்த பழைய மாதிரிகளையும் உயிருள்ளவற்றின் மரபணுவையும் ஒப்பிட்டு 2015 இல் வேறொரு முடிவுக்கு வந்தார்கள். 1998 இல் புதிய இனம் என்று வேறு பெயர் சூட்டப்பட்ட தேரையும் இதுவும் ஒன்றுதான். அழிந்ததாக எழுதப்பட்ட ஆண்டுகளில், அது இன்னொரு பெயரில் ஓடையோரத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது. பதிவில் இருந்த குழப்பமே அதைக் காணாமல் ஆக்கியிருந்தது.

இலங்கையில் பிறந்த மருத்துவரான எட்வேட் கெலாட் 1853 இல் நுவரெலியாவிலிருந்து விபரித்த புள்ளித் தவளையும் இப்படித்தான். அவர் வைத்திருந்த மூல மாதிரியும் தொலைந்துவிட்டது. ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்குப் பிறகு அதுவும் சிவனொளிபாதமலைக் காட்டிலேயே கிடைத்தது. 1876 இல் பெயரிடப்பட்ட இன்னொரு புதர்த்தவளையும் அங்கேயே மீண்டும் கண்டறியப்பட்டது. மூன்றும் திரும்பி வந்தது ஒரே காட்டில். காடு எஞ்சியிருந்த இடத்தில் தேடியவர்களுக்குக் கிடைத்தன. காடு எஞ்சாத இடத்தில் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

இது ஆறாவதா?

முக்கால் பங்கு என்ற அளவுகோலின்படி, இன்னும் இல்லை. நாம் அறிந்த இனங்களில் கடந்த 500 ஆண்டுகளில் அழிந்ததாக உறுதியானவை மிகச் சிறு பங்கே. வேகத்தைப் பார்த்தால் விடை வேறு. அந்தனி பார்னொஸ்கியும் மற்றவர்களும் 2011 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இன்று ஆபத்தில் இருப்பவை எல்லாம் ஒரு நூற்றாண்டுக்குள் அழிந்து, அதே வேகம் தொடர்ந்தால், பாலூட்டிகள், பறவைகள், ஈரூடகவாழிகள் ஆகியவற்றில் அழிவு பழைய ஐந்தின் அளவை எட்ட ஏறத்தாழ 240 முதல் 540 ஆண்டுகள் ஆகும். மிக விரைவாக எட்டுபவை ஈரூடகவாழிகள். இன்று உலகின் ஈரூடகவாழி இனங்களில் ஐந்தில் இரண்டு பங்கு ஆபத்தில் இருக்கின்றன.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். காடு வெட்டப்பட்ட அன்றே எல்லாம் செத்துவிடுவதில்லை. எஞ்சிய துண்டுக் காட்டில் சில உயிர்கள் பல தலைமுறை இருக்கும்; ஆனால் தொகை பெருக இடமிருக்காது. நடந்த இழப்பின் விலை பின்னால் வந்து சேரும். இதை அழிவுக் கடன் என்கிறார்கள். பழைய பேரழிவுகளிலும், பிழைத்ததாகத் தோன்றிய பல கிளைகள் பின்னர் மெதுவாக ஒழிந்துபோனதைப் பாறைகள் காட்டுகின்றன. நிகழ்வைத் தாண்டியதும், அதன் பின்னான காலத்தைத் தாண்டியதும் ஒன்றல்ல.

மரங்களிலும் இதைக் காணலாம். குருடியா செய்லானிக்கா என்பது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, இலங்கைக்கே உரிய மரம். 2012 தேசிய சிவப்புப் பட்டியல் அதை அழிந்ததாக எழுதியது. 2019 இல் கம்பஹா மாவட்டத்தின் தாரளுவையில் ஒரு மரம் கண்டறியப்பட்டது. 2021 இல் நெடுஞ்சாலை வேலைக்காக அதையே வெட்டப் போனார்கள். எதிர்ப்பு எழுந்ததால் வெட்டுவது நிறுத்தப்பட்டது. அழிவுக்கும் பிழைப்புக்கும் இடையே அன்று நின்றது, அந்த மரத்தின் பெயரை எவரோ சரியாக எழுதிவைத்திருந்தது மட்டும்தான். பெயர் தெரியாத மரமாக இருந்திருந்தால் அது வீதிக்குப் போயிருக்கும், எவரும் அறிந்திருக்கமாட்டார்கள்.

எண்ணப்படாதவை

பேராதனையில் நின்று மலைநாட்டின் இழப்பைக் கணக்கிட முடிகிறது. 1850களில் கெலாட் எழுதினார், குந்தர் பெயரிட்டார், பூங்காவின் உலர்தாவரகத்தில் துவேய்ட்ஸும் டிரிமனும் செடிகளைச் சேர்த்துவைத்தார்கள். அவர்களின் நோக்கம் எதுவாக இருந்தாலும், பதிவு எஞ்சியது. அதை வைத்துப் பின்வந்தவர்கள் தேடினார்கள்.

வடக்கு, கிழக்கின் காடுகளுக்கும் களப்புகளுக்கும் இந்த வாய்ப்புக் குறைவு. 1983 முதல் 2009 வரை அந்தப் பகுதிகளில் பெரும்பாலானவற்றில் கள ஆய்வு செய்யும் நிலை இருக்கவில்லை. போர் முடிந்த பின்னும் கண்ணிவெடி காரணமாகப் பல இடங்கள் நெடுங்காலம் மூடியே இருந்தன. அங்கே முன்பு என்ன இருந்தது என்ற பட்டியல் முழுமையாக இல்லாவிட்டால், என்ன போனது என்ற பட்டியலும் முழுமையாக வராது. அழிந்தவற்றின் பட்டியலில் வன்னியின் பெயர் அதிகம் இல்லை என்றால், அங்கே எதுவும் அழியவில்லை என்பது அதற்குப் பொருளல்ல. எண்ணியவர் இல்லை என்பதும் பொருளாக இருக்கலாம்.

இப்போது எண்ணத் தொடங்கலாம். மழைக்காலத்தில் குளக்கட்டில் கத்தும் தவளையைப் படம் எடுத்து, நாளையும் இடத்தையும் குறித்து, ஐநெச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளத்தில் பதிவேற்றப் பட்டம் தேவையில்லை. ஊரில் வயதானவர்கள் சொல்லும் பெயர்களையும், "முன்பு இது இங்கே கத்தும், இப்போது கேட்பதில்லை" என்று அவர்கள் சொல்வதையும் எழுதிவைக்கலாம். பள்ளிக்கூடங்கள் இதை ஒரு வேலையாகவே செய்யலாம். இன்று எழுதும் குறிப்பு, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் தேடப் போகும் ஒருவருக்கு லண்டன் போத்தலைப்போல உதவும்.

பூமி ஐந்து முறையும் மீண்டது என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. மீண்டது உண்மை. பேர்மியனுக்குப் பிறகு காடு திரும்ப 10 மில்லியன் ஆண்டுகள் சென்றன. திரும்பியதும் பழைய குளொசொப்டெரிஸ் காடு அல்ல, வேறொரு காடு.